சிபாரிசும் சாட்சியும்

(நமது அறக்கட்டளையின் சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் அதிபராக இருந்தவரையே கோர்ட்டில் உட்கார வைத்து, 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு ஏட்டையாவையாவது கேள்வி கேட்க முடியுமா?" அன்று மஃரிபுக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறோம்.

தம்பி சொன்னது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. 2024 மே 30 அன்று நியூயார்க் ஜூரிகள் டிரம்ப்பைக் குற்றவாளி என்றார்கள். அடுத்த ஜனவரி 10 அன்று நீதிபதி எந்தத் தண்டனையும் விதிக்காமல் அவரை அனுப்பிவிட்டார். இதற்கு நடுவில், 2024 ஜூலை 1 அன்று, அதிபர் தம் பதவியின் அதிகாரத்தால் செய்த காரியங்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெரும் பாதுகாப்பு உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அக்கரை அவ்வளவு பச்சையில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 361-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் மட்டும்தான், அதுவும் பதவியில் இருக்கும் வரைதான், குற்ற வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பிரதமருக்குக் கிடையாது, முதலமைச்சருக்கும் கிடையாது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்றே ஜெயலலிதா அம்மையாரின் முதலமைச்சர் பதவி போனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நம் ஊரில் அன்று கடைகளை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடியதும் ஞாபகம் இருக்கும். பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானார். 2017-ல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை மீட்டபோது அவர் உயிரோடு இல்லை.

ஏட்டில் சட்டம் இருக்கிறது. அது எப்போது நடக்கிறது, எப்போது படுத்துக்கொள்கிறது என்பதுதான் பேச்சு. அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் கொங்கு மண்டலத்தின் வடகோடியில், தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் வாச்சாத்தி என்று ஒரு கிராமம் இருக்கிறது. மலைவாழ் மக்கள் வாழும் ஊர்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், காவலர்கள் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள் அந்த ஊருக்குள் போனார்கள். வீடுகளை இடித்தார்கள், ஆடு மாடுகளைக் கொண்டுபோனார்கள், ஊர் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களுக்கு அவர்கள் இழைத்த கொடுமையைத் தாய்மார்கள் இருக்கும் இந்தச் சபையில் நாம் விவரிக்க வேண்டியதில்லை. கொடுமைக்கு ஆளானவர்களையே கைது செய்து, குழந்தைகளோடு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம். அன்றைய அரசு, அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது.

அந்த மக்களிடம் என்ன இருந்தது? பணம் இல்லை, படிப்பு இல்லை, மேலிடத்தில் ஒரு ஆள் இல்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணைக்கு நின்று நீதிமன்றம் போனார்கள். 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதன்பின் வாய்தா, வாய்தா, வாய்தா. 54 பேர் விசாரணை முடியுமுன்பே இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. ஒருவர்கூடத் தப்பவில்லை. இந்திய வனப்பணி அதிகாரிகளும் அதில் உண்டு.

மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு வருடம் ஓடியது. நீதிபதி வேல்முருகன் அவர்கள் 2023 மார்ச் மாதம் அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

31 வருடம். ஒரு தலைமுறை. இதை வெற்றி என்று கொண்டாட எங்களுக்கு மனம் வரவில்லை. சம்பவத்தன்று சிறுமியாக இருந்தவர் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தப் பெண்கள் கூண்டில் ஏறி, இவர்தான், இவர்தான் என்று சீருடைக்காரர்களைக் கைகாட்டியிராவிட்டால், அந்த 31 வருடத்துக்குப் பிறகும் ஒன்றும் கிடைத்திருக்காது.

பக்கத்தில் பொள்ளாச்சியையும் பாருங்கள். 2019-ல் அந்த வழக்கு வெளியே வந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியே சொல்லிவிட்டது. பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதற்குப் பிறகும் பெண்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞரே சொன்னார். 2025 மே 13 அன்று நம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது.

படித்தவர்கள், பதவியில் இருப்பவர்களின் கதை வேறு என்று நினைக்க வேண்டாம். 2021-ல் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பியவர் ஒரு பெண் எஸ்.பி. அவரது காரையே சுங்கச்சாவடியில் மறித்தார்கள். புகார் போகாமல் தடுக்க அவ்வளவு முயற்சி. அவர் பின்வாங்கவில்லை, 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது.

இந்த மறிக்கிற வேலைக்கு நம் பாஷையில் ஒரு நல்ல பெயர் இருக்கிறது: சிபாரிசு.

மக்கா வெற்றியின்போது மக்ஸூம் குலத்துப் பெண் ஒருவர் திருடிவிட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பெரிய குடும்பம். குறைஷிகளுக்குக் கவலை. நபி (ஸல்) அவர்களிடம் யார் பேசுவது என்று யோசித்து, அவர்களின் பிரியத்துக்குரிய உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். நபியவர்களின் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று மக்களிடம் பேசினார்கள். முந்தைய சமுதாயங்கள் மேட்டுக்குடியார் திருடினால் விட்டுவிட்டு, எளியவர் திருடினால் தண்டித்ததால்தான் அழிந்தன என்றார்கள்; தம் மகள் ஃபாத்திமாவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்றார்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் இதைத் திருட்டைப் பற்றிய ஹதீஸ் என்றே நினைத்திருந்தோம். நபியவர்களின் கோபம் அந்தப் பெண்மீது இல்லை, சிபாரிசின்மீது என்பது வயதான பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் பிறகு தவ்பா செய்து, திருமணமாகி, தேவை ஏற்பட்டால் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்துபோவார் என்றும் அதே ஹதீஸில் இருக்கிறது.

இப்போது எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறோம். பிறர் குறையை மட்டும் பேசினால் நியாயமாகாது. சில வருடங்களுக்கு முன் நம் மஹல்லாப் பையன் ஒருவனை ஒரு விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். இரவு முழுக்க விடவில்லை. நாங்கள் தெரிந்த ஒரு பெரிய மனிதருக்குப் போன் போட்டோம். காலையில் விட்டுவிட்டார்கள். பையனால் நடக்க முடியவில்லை, பாதங்கள் வீங்கியிருந்தன. தகப்பனார் புகார் கொடுக்கிறேன் என்றார். "பிள்ளை வந்துவிட்டான் அல்லவா பாய், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள், வம்பு எதற்கு?" என்று நாங்கள்தான் அடக்கினோம். பெரிய உபகாரம் செய்ததாக எங்களுக்கு நினைப்பு. எந்தப் போன் நம் பிள்ளையை வெளியே கொண்டுவந்ததோ, அதே மாதிரிப் போன்தான் அடித்தவரையும் காப்பாற்றுகிறது என்பதை அன்று யோசிக்கவில்லை.

எங்களுக்குப் பயமும் இருந்தது, மறைக்கவில்லை. 1997 நவம்பர் இறுதியில் பணியிலிருந்த ஒரு காவலர் கொல்லப்பட்டதையும், அடுத்த நாட்களில் நம் சமுதாயத்தில் 18 உயிர்கள் போனதையும், 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டதையும் பார்த்த தலைமுறை நாங்கள். கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் எத்தனையோ வீடுகளில் அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன் என்ற வார்த்தையையே தாழ்ந்த குரலில்தான் சொன்னோம். அந்தப் பயத்தை உங்களுக்கு நாங்கள் சொத்தாக எழுதிவைத்துவிட்டோமோ என்பதுதான் இப்போதைய கவலை.

வேலைக்கு உதவும் சில விஷயங்கள். புகாரைக் கையால் வாங்கி மேசையில் போட்டால் எழுந்து வந்துவிடாதீர்கள். மனு ரசீது கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகல் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு, நம் மாநகரில் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு; கோவை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்று சொல்லி வருடக்கணக்கில் கோப்பைத் தூங்க வைப்பது பழைய வழக்கம். பதவிப் பணியில் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குத்தான் அந்த அனுமதி. 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் அதற்கும் 120 நாள் கெடு வைத்திருக்கிறார்கள். பாலியல் குற்றங்களுக்கு அனுமதியே தேவையில்லை.

பொய்ப் புகாருக்கும், பழைய பகை தீர்க்கவும் யாரும் எங்களிடம் வர வேண்டாம். நம்மவர் தவறு செய்திருந்தால் நம்மவருக்கு எதிராகவும் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் நாம். சூரா நிஸாவின் 135-வது வசனம் பெற்றோரையும் உறவினரையும்கூட விலக்கவில்லை.

அந்தப் பையனின் தகப்பனார் சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்குக் காலில் இன்னும் வலி இருக்கிறதாம். அன்றைக்கு மருத்துவமனையில் கொடுத்த சீட்டை நீங்கள்தானே பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கினீர்கள், அது இருக்கிறதா என்று கேட்டார். அலமாரி முழுக்கத் தேடினோம். இல்லை.

இந்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞர் உட்காருவார், இன்ஷா அல்லாஹ். உங்கள் காகிதங்களை எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம்.

வஸ்ஸலாம்.