சேற்றில் ஒளியுண்ணும் சிற்றுயிர்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செம்பூரிலிருந்து வாஷிக்குச் செல்லும் மின்சார ரயில் தாணே கழிமுகத்தைக் கடக்கும்போது நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அக்கழிமுகமே 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக உலகோரால் ஏற்கப்பட்டது. காற்றுப் புகாது கந்தகம் நாறும் அத்தகைய சேறே, ஊதாப் பாக்டீரியாக்கள் என்னும் சிற்றுயிர்களுக்கு உகந்த இல்லம். அவற்றிற்கு இலையில்லை, வேரில்லை. ஆயினும் ஒளியை உண்டு வாழ்கின்றன. எங்ஙனம்?

அவற்றின் பச்சையம் செடிகளின் பச்சையத்துக்கு உறவு. ஆனால் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் அது பற்றும். பல நிறமிகள் கூடி ஒளியாற்றலைத் திரட்டி, நடுவே அருகருகே அமைந்த இரு பச்சையங்களிடம் சேர்க்கின்றன. ஆற்றல் பெற்ற அவ்விணை ஓர் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது. அங்கேதான் இடர் உளது. விட்ட எலெக்ட்ரான் உடனே திரும்பிவிடின், பெற்ற ஆற்றல் முழுதும் வெப்பமாய் வீணாகும்.

இதற்கு இயற்கை கண்ட வழியை நம் நகரத்து டப்பாவாலாக்களிடம் காணலாம். மாதுங்காவில் எடுத்த டப்பா, ஒருவர் கையில் தங்காமல் கைமாறிக் கைமாறியே ஃபோர்ட்டை அடைகிறது. அங்ஙனமே, ஒரு வினாடியை இலட்சங்கோடிக் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ மூன்று கூறு நேரத்தில் எலெக்ட்ரான் ஃபியோஃபைட்டின் என்னும் நிறமியை அடைகிறது. மேலும் ஏறத்தாழ இருநூறு கூறில் குவினோனை அடைகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிறிது ஆற்றல் குறைகிறது. திரும்பி ஓடாதிருக்கக் கொடுக்கும் விலை அது.

பின்னர், வெற்று டப்பா வீடு திரும்புவதுபோல், எலெக்ட்ரான் சைட்டோகுரோம் வழியே பழைய இடத்துக்கு மீள்கிறது. இச்சுற்றின் இடையே சவ்வின் ஒருபுறம் புரோட்டான்கள் குவிகின்றன. அவை மறுபுறம் பாயும்போது உயிர்க்கு வேண்டிய ஏடிபி விளைகிறது. நீர் பிளக்கப்படாமையால் ஆக்சிஜன் வெளிப்படுவதில்லை.

இந்நிறமிகள் புரதத்துள் நிற்கும் வரிசையைப் படிகமாக்கிக் கண்டறிந்த டைசன்ஹோஃபர், ஹூபர், மிக்கேல் என்னும் ஜெர்மானிய அறிஞர் மூவர் 1988ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆகவே, அன்பர்களே, இனி அப்பாலத்தைக் கடக்கையில் “நாற்றம்” என்று முகம் திருப்பாதிருப்போம். அச்சேற்றைக் குப்பை கொட்டித் தூர்த்தால், வெயிலை உயிராக்கும் அத்தொழிலும் உடன் புதையும் என்பதை நம் மக்களுக்குத் தமிழிலேயே எடுத்துரைப்போம்.