வலை வீசுபவன் ஒருவன், விலை பேசுபவன் வேறொருவன்!

தோழர்களே!

உப்புக் காற்றிலே உடல் கருக, உயிரைப் பணயம் வைத்து, விடியுமுன்பே அலைமேல் ஏறுகிறான் ஒருவன். குளிர்ந்த நிழலிலே அமர்ந்து, அவன் கொண்டுவரும் மீனுக்கு விலை கூறுகிறான் இன்னொருவன். மாலையிலே எவன் வீட்டுப் பெட்டி நிறைகிறது, எவன் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கிறது என்பதை நான் சொல்லவா வேண்டும்?

"மீன் குறைந்துவிட்டது, அதனால் வறுமை" என்பர் சிலர். குறைந்தது உண்மைதான். ஆனால், மீன் மலிந்திருந்த நாளிலும் குப்பத்துக் கூரை ஒழுகியது ஏன்? "சேமிக்கத் தெரியாதவர்கள்" என்பர் வேறு சிலர். சேமிப்பதற்குக் கையில் மிஞ்சியது என்ன என்று அவர்கள் கேட்டதுண்டா?

வலை கிழிகிறது. வள்ளம் உடைகிறது. ஈடு காட்ட நிலப் பட்டா இல்லாதவனுக்கு வங்கியின் கதவு எளிதில் திறப்பதில்லை. வியாபாரி வருகிறார்; முன்பணம் தருகிறார். வட்டிகூடக் கேட்பதில்லை! எத்துணைப் பெரிய மனது! ஒரே ஒரு நிபந்தனைதான்: பிடிக்கும் மீனெல்லாம் அவருக்கே தரவேண்டும், அவர் சொன்னதே விலை. வட்டியை விலையிலே எடுத்துக்கொள்கிறார், தோழர்களே! கடலிலே நீந்தும்போதே அந்த மீன் விற்கப்பட்டுவிட்டது!

விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனம் பெருக அத்தடை தேவை, மறுப்பாரில்லை. அரசு நிவாரணமும் தருகிறது. ஆனால், இரு திங்கள் குடும்பம் நடத்த அது போதாதபோது, படகுக் கூலியாள் எங்கே போவான்? மீண்டும் முன்பணம்! மீண்டும் முடிச்சு!

முடிச்சை அவிழ்க்க வழியே இல்லையா? உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாடு மீனவர்கள் சங்கம் கண்டு, கரையிலே தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டனர். அவ்வழி நடந்த சங்கங்கள் 1980ஆம் ஆண்டில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தன. குமரி மாவட்டக் கரையும் அதில் சேர்ந்தது. கடலுக்குச் செல்பவனே உறுப்பினன். வியாபாரிக்கு அங்கே நாற்காலி இல்லை. விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு. மீன் கிடைத்த நாளிலே கடன் கழியும். வெறுங்கையோடு திரும்பிய நாளிலே தவணை கேட்டு எவரும் வாசலில் நிற்பதில்லை!

ஏட்டிலே மட்டும் வாழும் சங்கங்களையும் நாம் கண்டதுண்டு. வியாபாரியே தலைவர், அவர் மைத்துனரே செயலாளர்! அத்தகைய சங்கம் பழைய விலங்குக்குப் புதிய முலாம்.

ஆகவே தோழர்களே, கடற்கரைக்குச் செல்லுங்கள். கொடியேற்றித் திரும்பிவிடாதீர்கள். கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். ஏலம் எவர் கையில் என்று கேளுங்கள். தலைச்சுமையாக மீன் விற்கும் தாய்மாருக்கு நிழலும் பனிக்கட்டியும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். நிவாரணம் பசியை ஒரு திங்களுக்கு ஆற்றும். தராசு கைக்கு வந்தாலன்றோ தலைமுறைக்கும் பசி தீரும்! அந்தத் தராசு, வலை வீசுபவன் கைக்கு வந்து சேரட்டும்!