மூச்சுக்குழல் பூண்ட மோட்டார் வண்டி



திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. நெடுமங்காடு, விதுரை வழியே கல்லாற்றை அடைந்து, 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேற வேண்டும். மலையின் உச்சியில் மழை பொழிந்தால், கீழே வெயில் காயும்போதே கல்லாறு திடீரெனப் பெருகும். இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் பலர், தங்கள் ஜீப்பு வண்டிக்கு யானைத் துதிக்கையை நிமிர்த்தி வைத்தாற்போன்ற ஒரு குழாயைப் பொருத்திக்கொள்கின்றனர். அதற்கு ஸ்நார்க்கல் என்று பெயர்.

இச்சொல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்தது. கருவியோ டச்சுக் கடற்படையினர் கண்டது. 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய ஜீப்புகளும் உயரமான காற்றுக் குழாய்களுடனேயே கடல்நீரைக் கடந்தன. தமிழில் இதனை மூச்சுக்குழல் எனலாம். உடற்கூற்று நூலார் அச்சொல்லை முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டனர். எனினும் மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தச் சிறு கடனை அவர்கள் மறுக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

யந்திரத்துக்குக் காற்று வேண்டும். காற்றோடு நீரும் உட்புகுந்தால், உருளையினுள் பிஸ்டன் மேலெழும்போது அந்நீர் காற்றைப்போல் அமுங்கிக் கொடாது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். சாதாரணக் காப்புறுதி இச்சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

குழலை வாங்குவோர் தம் வண்டியின் மாதிரிக்கென்றே செய்யப்பட்டதை வாங்குதல் வேண்டும். மட்கார்டில் துளையிட்டபின், வெட்டிய விளிம்புக்குத் துருவேறாவண்ணம் வண்ணம் பூசவேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடியும், குழாய் இணைப்புகளும் நீர் புகாதபடி அடைபட்டிருத்தல் இன்றியமையாதது. இதில் அசட்டையாக இருந்தால், குழல் வெறும் அலங்காரமே. யந்திரம் மெல்ல ஓடும்போது குழலின் வாயை நன்கு அடைத்துப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். யந்திரம் திணறி நின்றால் வேலை செம்மை. ஓடிக்கொண்டேயிருந்தால் எங்கோ ஓட்டை உண்டு. அச்சுப் பெட்டிகளின் காற்றுத்துளைக் குழாய்களையும் உயர்த்திக் கட்டவேண்டும். சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

குழலின் வாய் கூரையளவு உயர்ந்திருப்பதால், அத்தனை ஆழம் வண்டி செல்லும் என்று கருதுவோர் உளர். கணக்கைப் பாருங்கள். 2020-இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டிக்குக் குழல் இல்லை. அது 650 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரில் செல்லலாம் என்கின்றனர் அதைச் செய்தோர். 2021-இன் போர்ஸ் கூர்க்கா, ஆலையிலேயே குழல் பொருத்தப்பெற்றது. அதற்கும் 700 மில்லிமீட்டரே வரம்பு. வேறுபாடு 5 சென்டிமீட்டர்!

காரணம் மிதப்பு விசை. 4 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள வண்டியின் அடித்தளத்துக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் ஏறினால், உள்ளே நீர் புகாதவரை, சுமார் 720 கிலோ எடை குறைந்தாற்போலாகும். 25 சென்டிமீட்டர் ஏறினால் ஒன்றே முக்கால் டன் வண்டியும் மிதக்கத் தொடங்கும். சக்கரத்தின் பிடி போய்விட்டபின் யந்திரம் எவ்வளவு நன்றாக மூச்சு விட்டால்தான் என்ன? பெருகி ஓடும் கல்லாற்றில் குழல் யந்திரத்தைக் காக்கலாம். வண்டியில் இருப்போரைக் காக்காது. நீர் வடியும்வரை கரையில் காத்திருத்தலே வழி.

சட்டமும் ஒன்று உண்டு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உற்பத்தியாளர் வரையறுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. ஆலையில் பொருத்திய குழலுக்கு இத்தொல்லை இல்லை. கடையில் வாங்குவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு விடை பெற்ற பின்னரே மட்கார்டில் துளையிடுவார்களாக.