மலபார் பயணம்: புறப்படுமுன் சில வார்த்தைகள்

(பயணத்திற்குப் பெயர் கொடுத்த குடும்பங்களின் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கேரளம் என்றதும் பிள்ளைகள் கடற்கரையைத்தான் கேட்டார்கள். கப்பாட்டுக்குப் போவோம். 1498இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய இடம் என்று அங்கே கல் நட்டிருக்கிறார்கள். அந்த வருகையின் விளைவை அறியக் கோழிக்கோடு குற்றிச்சிறைக்கு வர வேண்டும். அங்குள்ள மிஷ்கால் பள்ளி ஓர் அரபு வணிகர் கட்டியது. மினாரா இல்லை, குப்பா இல்லை. மரவேலையும் அடுக்கடுக்கான ஓட்டுக் கூரையும்தான். 1510இல் போர்ச்சுக்கீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். சாமூதிரி மன்னரின் நாயர் வீரர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்று அவர்களை விரட்டினார்கள். 1571இல் சாலியம் கோட்டையைச் சாமூதிரி பிடித்து இடித்தபோது, அந்த மரங்களை இந்தப் பள்ளியின் பழுதுபார்ப்புக்குக் கொடுத்தார் என்பார்கள். பிள்ளைகளை அங்கேயே உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்.

அடுத்து பொன்னானி. நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கிற ‘ஃபத்ஹுல் முஈன்’ கிதாபை எழுதிய இரண்டாம் ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் ஊர். நாங்கள் ஓதிய காலத்தில் அதை அரபு நாட்டுக் கிதாப் என்றே பலரும் நினைத்திருந்தோம்! மக்தூம்களின் முன்னோர் நம் மஅபர் கரையிலிருந்து போனவர்கள் என்பது வழக்கு. போர்ச்சுக்கீசியரின் கொடுமைகளைச் சொல்லும் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலும் அவருடையதே. முஸ்லிம்களை மதித்து நடத்திய இந்து மன்னர்களை அதில் அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

கொடுங்கல்லூர் சேரமான் பள்ளியை 629இல் கட்டியது என்பார்கள். ஆய்வாளர்கள் எல்லாரும் ஏற்ற தேதியல்ல அது. பழமையான பள்ளி, அவசியம் பார்க்கலாம்.

இனி, கமிட்டியில் கொஞ்சம் சூடாகவே பேசிய விஷயம். அங்குள்ள பழைய பள்ளிகள் பலவற்றில் பெண்கள் உள்ளே தொழ இடமிருக்காது. ஆண்கள் பார்த்துவிட்டு வரும்வரை பெண்கள் பஸ்ஸில் உட்காரட்டும் என்றார் ஒருவர். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. கணவரை இழந்த சகோதரிகள் சிலர் முதன்முறையாக ஊரைவிட்டு வருகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் ஒளூ செய்யவும் தொழவும் எங்கே இடம், எதுவரை போய்ப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்குவோம். கிடைக்காத ஊரில் அதிக நேரம் நிற்க மாட்டோம்.

ஜகாத் பணத்தில் ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கப்படாது. இயலாதவர்களின் கட்டணத்தை, அதற்கென்றே தனியாகத் தந்தவர்களின் பணத்திலிருந்து கட்டுகிறோம். யாருக்கு என்பது வெளியே வராது. கப்பாட்டில் பாறைகள் உண்டு. பிள்ளைகளைத் தனியே கடலில் இறக்காதீர்கள். முதியவர்களின் மருந்துச் சீட்டு கைப்பையிலேயே இருக்கட்டும். ஜும்ஆ தொழுகைக்குப் பின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.