எழுத நேரமில்லை என்னும் தோழர்களுக்கு

(பெங்களூரு ஆஸ்டின் டவுனில் தமிழ்த் தோழர்கள் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை, சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



எழுத்தாளர்களுக்கு உந்துதல் எங்கிருந்து பிறக்கிறது, இடையூறுகளைக் கடந்து அவர்கள் எவ்வாறு தொடர்ந்து எழுதுகிறார்கள் என்று பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் படைப்பாளன் அல்லன். கட்சி ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவன். இரவு பத்து மணிக்கு ஓர் அறிக்கை வந்து சேரும். விடிவதற்குள் அது அச்சுக்குப் போக வேண்டும். இந்த வேலையில் உந்துதலுக்காகக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகலை படித்த காலத்தில் நான் சில சிறுகதைகள் எழுதினேன். பிறகு பதினோரு ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் கேட்டவர்களிடம் இயக்கப் பணி என்று சொன்னேன். அது பாதி உண்மைதான். அறுபது பக்க ஆவணத்தை இரண்டே இரவுகளில் முடித்த நான், எட்டுப் பக்கக் கதைக்கு மட்டும் அமைதியான ஒரு மாதம் வேண்டும் என்று காத்திருந்தேன். ஆவணத்திற்காக ஓர் அச்சகம் விழித்திருந்தது. என் கதைக்காக யாரும் காத்திருக்கவில்லை. வேறுபாடு இவ்வளவுதான் என்பது எனக்குப் பிந்தித்தான் புலப்பட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலாண்மை பொன்னுச்சாமியை நினைத்துப் பாருங்கள். 1951இல் மேலாண்மறைநாட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பிழைப்புக்கு ஊரில் ஒரு சிறு கடை. கடை வைத்திருப்பவருக்குத் தனிமை ஏது? எண்ணெய்க்கு ஒருவர், கடனுக்கு ஒருவர், வெறும் பேச்சுக்கு ஒருவர் என்று ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்கள். நாம் இடையூறு என்று அழைப்பது அதைத்தான். ஆனால் அவருடைய கதைகளில் வரும் கரிசல் நிலத்துச் சிறு விவசாயியின் கடனும், வீம்பும், வெள்ளந்தித்தனமும் அத்தகைய பேச்சிலிருந்து அல்லாமல் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்? கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருந்தால் அவருக்கு எழுதப் பொருளே கிடைத்திருக்காது. அதே வேளையில் அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவரும் அல்லர். 'செம்மலர்' என்றொரு மாத இதழ் இருந்தது. 1975இல் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இருந்தது. கதையை அனுப்ப ஓரிடமும், படித்துவிட்டுச் சண்டை போடத் தோழர்களும் இருந்தார்கள். 2007இல் 'மின்சாரப்பூ' தொகுதிக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2017இல் மறையும் வரை அவர் எழுத்தாளராகவும் இயக்கத்தவராகவும் ஒருசேர வாழ்ந்தார்.

இன்னொருவர் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, சாதி இழிவைச் சந்தித்துப் பள்ளியை விட்டு வெளியேறியவர். தோழர் ஜீவானந்தத்தின் மீதிருந்த பற்றினால் தம் பெயரோடு ஜீவா என்பதைச் சேர்த்துக்கொண்டார். சலூனில் தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. அத்தோடு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 1966இல் 'மல்லிகை' என்ற இதழைத் தொடங்கினார். தாமே எழுதி, தாமே அச்சுக்குக் கொடுத்து, தாமே தெருத்தெருவாகச் சுமந்து விற்றார். போர் சூழ்ந்த ஆண்டுகளையும் கடந்து நானூறு இதழ்களுக்கு மேல் அது வந்தது. தம் கதைக்காகக் காத்திருக்க ஓர் இதழ் இருந்தால் போதும் என்று அவர் எண்ணவில்லை. பிறருடைய கதைகளுக்காகவும் காத்திருக்கும் ஒருவராகத் தம்மை ஆக்கிக்கொண்டார். அந்தக் காத்திருப்பினால் எழுத வந்தவர்கள் ஈழத்தில் பலர்.

திண்டுக்கல் வழக்கறிஞர் டி. செல்வராஜ் தொழிலாளர் வழக்குகளை நடத்தியவர். தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய அவருடைய 'தோல்' நாவல், அவர் எழுபது வயதைக் கடந்த பின்னரே வந்தது. 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. நீதிமன்றப் படிக்கட்டில் கழிந்த ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று யார் சொல்ல முடியும்?

என் சொந்தக் குலத்தைப் பற்றியும், அதாவது மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும், சிறிது பெருமை பேச அனுமதியுங்கள். மார்க்சின் 'மூலதன'த்தைத் தியாகு சிறைக்குள்ளிருந்து தமிழாக்கினார். அவருக்கு முன்பே விடுதலைப் போராட்ட வீரர் ஜமதக்னி அதே நூலைத் தமிழில் பெயர்த்துவிட்டார்; ஆனால் அவர் மறைந்த பின்னரே அது நூலாக வெளிவந்தது. அச்சாகுமா என்று தெரியாமலேயே பக்கம் பக்கமாக அத்தகைய நூலைப் பெயர்ப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்! யாரும் காத்திராதபோதும் எழுதியவர் அவர் என்பதால் என் வாதம் இங்கே சற்று ஆட்டம் காண்கிறது. ஆனால் எல்லோரும் ஜமதக்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மார்க்சுக்கும்கூட ஒரு காலத்தில் மேலங்கி அடகுக்கடையில் இருந்ததால் வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை இருந்தது. ஆனால் அவருக்கு ஓர் எங்கெல்ஸ் இருந்தார். பணம் அனுப்பியதோடு நில்லாமல், எப்போது முடிப்பாய் என்று ஓயாமல் கேட்டும் வந்தார்.

இப்போது நம்மிடம் வருவோம். நம் வார இதழுக்கு வரும் செய்திகளை நான் படிக்கிறேன். "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது, திரளானோர் கலந்துகொண்டனர்." யார் வந்தார்கள், மழையில் யார் குடை பிடித்தார்கள், எந்தக் கேள்விக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை, இவற்றில் ஒன்றும் இராது. எழுதிய தோழருக்கு இவை தெரியாமலில்லை. யாரும் கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. இதில் என் போன்றோரின் குறையும் உண்டு. வந்த செய்தியை வெட்டிச் சுருக்கினோமே தவிர, "அந்தக் குடை யாருடையது?" என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினோம் இல்லை. எழுதும் ஆர்வமுள்ள தோழருக்கு மேலும் இரண்டு குழுப் பொறுப்புகளைக் கொடுத்துவிட்டு, ஏன் எழுதுவதில்லை என்று கேட்பதும் நம் வழக்கம்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பீர்கள். அரை மணி நேரத்தில் அறுபது காணொளிகள் கண்முன் ஓடுகின்றன. கண்ணை மூடினால் ஒன்றும் நினைவில் இல்லை. நம் கவனத்தை விற்றுப் பணமாக்கும் நிறுவனங்கள் அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கின்றன. கடைக்கு வந்த மனிதரும் பொன்னுச்சாமியின் நேரத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் பதிலுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டையும் ஒரே சொல்லால் இடையூறு என்று அழைக்கக் கூடாது. நான் செய்வது எளிது: காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை கைப்பேசியைச் சமையலறையில் அரிசிப் பாத்திரத்தின் மேல் வைத்துவிடுகிறேன். என் துணைவியார் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இறுதியாக, இந்தப் பகுதியில் வசிக்கும் ஓர் இளம் தோழரைப் பற்றி. இங்கேதான் அமர்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை. அவருடைய தந்தை கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் குடும்பம் பெங்களூருக்கு வந்தது. தந்தை இப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவுக் காவலர். மகன் கன்னட வழியில் படித்தவர். வீட்டில் பேசுவது தமிழ். எழுதத் தெரிந்த எழுத்து கன்னடம். தந்தை சொன்னவற்றை, சுரங்கத்தின் வெப்பத்தையும், இருமலையும், கூலிப் போராட்டங்களையும், அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தமிழ்ப் பேச்சு, கன்னட எழுத்து! முப்பது பக்கங்களுக்குப் பிறகு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன். "இதை யார் படிக்கப் போகிறார்கள் தோழர்? தமிழருக்கு எழுத்து புரியாது, கன்னடருக்கு மொழி புரியாது" என்றார்.

தோழர், எனக்குக் கன்னட எழுத்து படிக்கத் தெரியும். நான் படிக்கப் போகிறேன். மாதம் ஐந்து பக்கம் போதும். எழுத முடியாத வாரத்தில் அப்பாவைப் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். அந்தக் கருவியும் சற்று வேலை செய்யட்டும். தமிழ் எழுத்தில் பெயர்த்துத் தருவது என் பொறுப்பு. அடுத்த மாதம் இதே அறையில், உங்கள் அப்பாவுக்கு இரவுப் பணி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, அவரை முன்வரிசையில் அமர வைத்து முதல் ஐந்து பக்கங்களை வாசிப்போம். தேதியை நீங்களே சொல்லுங்கள். தலைவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.