இரண்டு இருக்கையும் ஒரு கோதுமை மாநிலமும்: வடக்கு டகோட்டாவின் செனட் வரலாறு நமக்குச் சொல்வது

(மாநில உரிமை குறித்துக் கட்சித் தோழர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான், நேரம் ஒதுக்கி முழுதாகப் படிங்க, நண்பர்களோடு பகிருங்க.)



மாநில உரிமை பற்றிப் பேசும்போது நம்ம மேடைகளில் அடிக்கடி வருகிற ஒரு வரி உண்டு. "அமெரிக்காவைப் பாருங்கள், செனட் சபையில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாத்துக்கும் சமமா இரண்டு உறுப்பினர்!" சொல்வோம், கைதட்டல் வரும், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். அந்த இரண்டு இருக்கையை வைத்து ஒரு சின்ன விவசாய மாநிலம் நிஜத்தில் என்ன சாதித்தது, எங்கே கோட்டை விட்டது என்று விரிவாகப் பேசுவது குறைவு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

மாநிலத்தின் பெயர் வடக்கு டகோட்டா. கனடா எல்லையை ஒட்டிய கோதுமைச் சீமை. பரப்பளவு தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்கள்தொகை? 2020 கணக்கெடுப்பில் 7,79,094 பேர். 2011 கணக்குப்படி நம்ம அரியலூர் மாவட்டத்தில் மட்டும் ஏழரை லட்சம் பேர். ஏறக்குறைய அவ்வளவுதான்!

கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர். அமெரிக்கக் கீழவையில் கலிபோர்னியாவுக்கு 52 இடம், வடக்கு டகோட்டாவுக்கு ஒரே ஒரு இடம். செனட்டில் மட்டும் அவர்களுக்கும் இரண்டு, இவர்களுக்கும் இரண்டு.

இது எப்படி வந்தது? 1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதினார்கள். மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்றன பெரிய மாநிலங்கள். "அப்படின்னா எங்களை நீங்க விழுங்கிடுவீங்க" என்றன சின்ன மாநிலங்கள். கடைசியில் ஜூலை 16 அன்று ஒரு சமரசம்: கீழவை மக்கள்தொகைப்படி, மேலவை மாநிலத்துக்குச் சமம். மாநிலங்கள் போட்ட ஓட்டில் 5-க்கு 4 என்று தேறியது. ஒரே ஒரு ஓட்டு! அதோடு விடவில்லை. எந்த மாநிலத்தின் சம உரிமையையும் அந்த மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் பறிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் ஐந்தாவது பிரிவிலேயே பூட்டுப் போட்டார்கள்.

இந்தப் பூட்டின் அருமை தெரியணும்னா வடக்கு டகோட்டாவின் கீழவைக் கணக்கைப் பாருங்கள். 1889-ல் ஒரு இடம். குடியேற்றம் பெருகியது, 1903-ல் இரண்டு, 1913-ல் மூன்று. பிறகு பஞ்சம், விலைவீழ்ச்சி, ஊரைவிட்டுப் போனவர்கள். 1933-ல் இரண்டாகக் குறைந்தது. 1973-லிருந்து ஒன்றுதான். 1930-ல் இருந்த 6,80,845 என்ற மக்கள்தொகையை 2010 கணக்கெடுப்பில்கூட அவர்களால் திரும்ப எட்ட முடியவில்லை. கீழவையில் ஏறி இறங்கிய இந்த 130 வருடத்திலும் செனட் எண்ணிக்கை அசையவே இல்லை. இரண்டு என்றால் இரண்டு.

இதையெல்லாம் கேட்டவுடன் "ஆஹா, எவ்வளவு உன்னதமான ஏற்பாடு" என்று உருகிவிட வேண்டாம். அந்த மாநிலம் பிறந்த கதையையும் தெரிஞ்சுக்கணும்.

டகோட்டா ஒரே பிரதேசமாகத்தான் இருந்தது. அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டு செனட்டருக்குப் பதிலாக நான்கு பேர் கிடைப்பார்கள் என்று குடியரசுக் கட்சி கணக்குப் போட்டது. 1889 நவம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் இரண்டு மாநிலங்களுக்கான ஆணையிலும் கையெழுத்துப் போட்டார். எது முதலில் என்று தெரியாதபடி தாள்களைக் கலைத்துவிட்டுப் போட்டாராம். 1889, 1890 இரண்டே வருடத்தில் ஆறு புது மாநிலங்கள், பன்னிரண்டு புது செனட்டர்கள். அப்போது வடக்கு டகோட்டாவில் இருந்தது 1,90,983 பேர். நியூயார்க்கில் சுமார் 60 லட்சம். மாநில உரிமைக் கொள்கையோடு கட்சிக் கணக்கும் கைகோத்துத்தான் வந்தது.

சரி, இரண்டு இருக்கை கிடைச்சாச்சு. யார் உட்கார்ந்தார்கள்?

அப்போதெல்லாம் மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. மாநிலச் சட்டமன்றம்தான் செனட்டரைத் தேர்ந்தெடுக்கும். சட்டமன்றத்தை ஆட்டிவைத்தவர் அலெக்சாண்டர் மெக்கென்சி, ரயில்வே கம்பெனியின் ஆள். விவசாயி விளைவித்த கோதுமையை ஏற்றிப்போவது ரயில்வே. அதைத் தரம் பிரித்து விலை வைப்பது மினியாப்பொலிஸ் நகரத்து தானிய வியாபாரிகள். கடன் கொடுப்பது வெளியூர் வங்கி. இந்த மூவர் பிடியில் விவசாயி கிடந்தான். செனட்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்பதில்தான் சிக்கல்.

1913-ல் 17-வது திருத்தம் வந்தது. செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். கதை திரும்பியது இங்கேதான். ஆனால் சட்டம் மாறியதால் மட்டும் திரும்பிவிடவில்லை.

1915-ல் விவசாயிகள் சட்டமன்றத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். அரசே தானியக் கிடங்கு கட்ட வேண்டும் என்று. சட்டமன்றம் தள்ளிவிட்டது. "ஊருக்குப் போய்ப் பன்றிக்குத் தீனி போடுங்க" என்று ஒரு உறுப்பினர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்தார். யார் கேட்டார்கள்? தீ பற்றிவிட்டது.

ஆர்தர் டவுன்லி என்ற, விவசாயத்தில் நொடித்துப்போன ஒரு மனிதர் பண்ணை பண்ணையாகப் போய் உறுப்பினர் சேர்த்தார். அமைப்பின் பெயர் கட்சி சாராக் கழகம். புதுசாக ஒரு கட்சி தொடங்கவில்லை. ஆளும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே தங்கள் வேட்பாளர்களை நிறுத்தி ஜெயித்தார்கள். 1916-ல் லின் ஃபிரேசியர் என்ற விவசாயி ஆளுநரானார். நம்ம ஊர் ஆளுநர் மாதிரி டெல்லி அனுப்பிவைத்தவர் இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர்! 1919-ல் வடக்கு டகோட்டா வங்கி என்று மாநில அரசே ஒரு வங்கி தொடங்கியது. 1922-ல் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் மாநில அரசின் மாவு ஆலை ஓட ஆரம்பித்தது. இரண்டும் இன்றைக்கும் அரசு கையில்தான் இருக்கின்றன.

இந்த அலைதான் செனட்டுக்கும் ஆள் அனுப்பியது. எட்வின் லாட் என்று ஒரு வேதியியல் பேராசிரியர். மட்டரகம் என்று வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு வாங்கிய கோதுமையை அரைத்து, ரொட்டி சுட்டுப் பார்த்து, அதிலும் நல்ல மாவு வருது என்று ஆய்வில் நிரூபித்தவர். அவர் 1921-ல் செனட்டர் ஆனார். ஃபிரேசியரை 1921-ல் எதிராளிகள் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு வைத்துப் பதவியிறக்கினார்கள். அமெரிக்காவில் அப்படி இறக்கப்பட்ட முதல் ஆளுநர் அவர்தான். அடுத்த வருடமே அதே மக்கள் அவரை செனட்டுக்கு அனுப்பினார்கள். உட்கட்சித் தேர்தலில் அவர் தோற்கடித்தது யாரை? செனட்டின் நிதிக்குழுத் தலைவராக இருந்த போர்ட்டர் மெக்கம்பரை!

1930-களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வறட்சி வேறு. பண்ணைகள் வரிசையாக ஜப்திக்குப் போயின. செனட்டில் ஃபிரேசியரும் கீழவையில் அதே மாநிலத்தின் வில்லியம் லெம்கேயும் சேர்ந்து 1934-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கடனில் மூழ்கிய விவசாயி நிலத்தை இழக்காமல் ஐந்து வருட அவகாசம் பெறலாம். 1935-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. அவர்கள் ஓயவில்லை. அதே வருடம் திருத்தி எழுதி, மூன்று வருட அவகாசத்தோடு மறுபடி நிறைவேற்றினார்கள். 1937-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதன் பலன் அமெரிக்கா முழுதும் உள்ள விவசாயிகளுக்குக் கிடைத்தது.

இன்னொரு செனட்டர் ஜெரால்டு நை. ஊர்ப் பத்திரிகை ஆசிரியர். முதல் உலகப் போரில் ஆயுதக் கம்பெனிகளும் வங்கிகளும் அடித்த லாபத்தை விசாரித்த குழுவுக்கு 1934 முதல் 1936 வரை தலைவர். ஜே.பி. மார்கன் மாதிரியான பெரும் பணக்காரர்களைச் சாட்சிக்கூண்டில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். கோதுமைக் காட்டிலிருந்து போன ஒருத்தர் வால் ஸ்ட்ரீட்டைக் குறுக்கு விசாரணை செய்தார், தோழர்களே! அதைத்தான் அந்த இருக்கை கொடுத்த பலம் என்கிறேன்.

இவ்வளவும் பெருமை. ஆனா, இந்தப் பக்கத்தை மட்டும் சொல்லி முடித்தால் அது பாதிக் கதை.

மிசௌரி ஆற்றங்கரையில் ஃபோர்ட் பெர்த்தோல்டு என்ற இடத்தில் மண்டான், ஹிடாட்சா, அரிக்காரா என்ற மூன்று பூர்வகுடிகள் காலங்காலமாக ஆற்றோர வளமான மண்ணில் விவசாயம் செய்தவர்கள். 1944-ல் அமெரிக்க நாடாளுமன்றம் வெள்ளத் தடுப்புச் சட்டம் போட்டது. காரிசன் அணை வந்தது. அந்த மக்களின் நிலத்தில் 1,50,000 ஏக்கருக்கு மேல் பறிபோனது. 1948-ல் நிலத்தைக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர்களின் மன்றத் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் முகத்தை மூடிக்கொண்டு அழும் புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தானே அந்த இரண்டு செனட்டர்கள்? இருந்தும் நிலம் தப்பவில்லை. கூடுதல் இழப்பீட்டுக்குச் சட்டம் வந்ததே 1992-ல்தான்.

மாநிலத்துக்குச் சம உரிமை கிடைத்தாலே மாநிலத்துக்குள்ளே இருக்கிற எல்லோருக்கும் உரிமை கிடைத்துவிடாது. டெல்லியில் நமக்கு நியாயம் கேட்கிற நாம், நம்ம ஊருக்குள்ளே கடைசி வரிசையில் இருப்பவருக்கு என்ன நியாயம் செய்கிறோம் என்று கேட்டே ஆகணும்.

அந்த மாநிலத்தில் ஒவ்வொரு ஓட்டும் எப்படிக் கனக்கிறது என்றும் பாருங்க. 1960 இடைத்தேர்தலில் குவென்டின் பர்டிக் சுமார் 1,100 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிறகு 1992-ல் இறக்கும்வரை 32 வருடம் அவர்தான் செனட்டர். அவர் இறந்தபின் சில மாதங்களுக்கு நியமிக்கப்பட்ட அவர் மனைவி ஜோசலின்தான் அந்த மாநிலத்தின் முதல் பெண் செனட்டர். தேர்தலில் நின்று ஜெயித்த முதல் பெண் ஹைடி ஹைட்காம்ப், 2012-ல். வித்தியாசம் 3,000-க்கும் குறைவு.

2018 தேர்தலுக்கு முன்பு ஒரு விதி வந்தது. வாக்காளர் அடையாள அட்டையில் தெரு முகவரி இருந்தே ஆகவேண்டும். பூர்வகுடிப் பகுதிகளில் பல வீடுகளுக்குத் தெருப் பெயரே கிடையாது! உச்ச நீதிமன்றமும் தடுக்கவில்லை. பூர்வகுடி மன்றங்கள் அழுது புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. தாங்களே முகவரி போட்டு, தாங்களே அட்டை அச்சடித்து, மக்களைச் சாவடிக்கு அழைத்துப் போனார்கள். ஹைட்காம்ப் தோற்றார். ஆனாலும் ஓட்டு உரிமையை அந்த மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி நம்ம கதைக்கு வருவோம்.

நம்ம மாநிலங்களவை பெயரில்தான் மாநிலம் இருக்கிறது. இடங்கள் மக்கள்தொகைப்படி. உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, நாகாலாந்துக்கும் மிசோரமுக்கும் சிக்கிமுக்கும் ஒன்றொன்று. அமெரிக்காவில் செனட்டர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்ட விதி. இங்கே 2003-ல் அந்த நிபந்தனையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது.

மக்களவையில் நமக்கு 41 இடம் இருந்தது. 1967 தேர்தலில் 39 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே போகிற மாநிலங்கள் இடத்தை இழக்கக் கூடாது என்றுதான் 1976-ல் கணக்கை உறையவைத்தார்கள். 2001-ல் கொண்டுவந்த 84-வது திருத்தம் அதை நீட்டித்தது, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும். அமெரிக்காவில் சம்மதம் இல்லாமல் திறக்க முடியாத பூட்டு. நமக்கு இருப்பது தேதி போட்ட பூட்டு.

ஆக, எண்ணிக்கைக்காகப் போராடித்தான் ஆகணும். அதில் சமரசம் கிடையாது. கூடவே வடக்கு டகோட்டா சொல்வதையும் மனசில் வையுங்க. முதல் இருபத்தைந்து வருடம் அவர்களுக்கும் இரண்டு இருக்கை இருந்தது, ரயில்வேக்காரனுக்குத்தான் பயன்பட்டது. விவசாயி ஒன்று சேர்ந்து, யாரை அனுப்பணும் என்று தானே முடிவு செய்த பிறகுதான் அதே இரண்டு இருக்கை ஜப்தியைத் தடுத்தது.

இருக்கையைச் சட்டம் கொடுக்கும். அதில் உட்காருபவருக்குக் குரலை ஊர்தான் கொடுக்கணும். அதனால் தோழர்களே, திரும்பிப் போனதும் இரண்டு வேலை. உங்க பகுதி வாக்காளர் பட்டியலை எடுத்து, பெயர் விடுபட்டவர் யார் என்று வீடு வீடாகப் பாருங்க. காலனியிலும் மலைக்கிராமத்திலும் முதலில் பாருங்க. அடுத்து, நம்ம மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போன பதினெட்டுப் பேரும் என்ன கேள்வி கேட்டார்கள், எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தேடிப் படிங்க. நம்ம கட்சிக்காரர் என்றால் இன்னும் கறாராகக் கேளுங்க.



#மாநிலஉரிமை #மாநிலங்களவை #தொகுதிமறுவரையறை