மேஜைக்குத் துண்டு போடும் ஊர்

சிங்கப்பூர் போகிறவர்கள் மெரினா பே கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்! சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒருதரம் நடந்து பாருங்கள். சைனாடவுன் நடுவே, 1827-இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில். கூப்பிடு தூரத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அதே சாலையில் புத்தர் கோயிலும் உண்டு.

பசிக்கிறதா? பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி. காலி மேஜை கிடக்கும், மேலே சின்னதாக ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஆள் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். சீனரோ, மலாய்க்காரரோ, தமிழரோ, அந்த பாக்கெட்டுக்கு எல்லாரும் கட்டுப்படுகிறார்கள்.

சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்கவேண்டும். 2021 முதல் அது கட்டாயம். எம்.ஆர்.டி. ரயிலில் தண்ணீர் குடித்தால்கூட அபராதம். துரியன் பழத்துக்கோ உள்ளே அனுமதியே கிடையாது. ஒருமுறை மோந்து பார்த்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள்!